இருபக்க வெற்று டீவீடி: தேடி அலைவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

"இரண்டு பக்கமும் பதியக்கூடிய வெற்று டீவீடி எங்கே வாங்கலாம்?" இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் பலர் பாட்டோ படமோ பதிவதற்காகக் கேட்பதில்லை. அலுமாரிக்குள் கிடக்கும் கலியாண வீட்டு வீடியோ, வெளிநாட்டுப் பிள்ளைகளுக்காக எடுத்த செத்தவீட்டு வீடியோ, ஸ்கான் செய்து வைத்த காணி உறுதி, காணாமல் ஆக்கப்பட்டவரின் நாலைந்து படங்கள் என்று சேர்ந்து கிடப்பதை ஒரே வட்டில் போட்டுப் பத்திரப்படுத்த வேண்டும் என்பதுதான் தேவை. சாதாரண டீவீடியில் 4.7 கிகாபைட் மட்டுமே கொள்ளும். இரண்டு பக்கமும் உள்ளதாக வாங்கினால் இடம் இரட்டிப்பாகுமே என்பது நியாயமான கணக்குத்தான்.

சுருக்கமான பதில் இது. அப்படியொரு வட்டு உண்டு. இன்று கடைகளில் கிடைப்பது மிக அருமை. கிடைத்தாலும், இழக்கவே கூடாத ஒன்றை வைப்பதற்கு அது ஏற்ற இடமல்ல. ஏன் என்று விளங்கிக்கொள்ள, வட்டுக்குள்ளே என்ன இருக்கிறது என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

சீடியில் முடியாதது டீவீடியில் எப்படி முடிந்தது?

சீடி என்பது 1.2 மில்லிமீற்றர் தடிப்புள்ள ஒரே பிளாஸ்திக் தகடு. அதில் தகவல் இருக்கும் படை, நாம் பேர் எழுதும் பக்கத்துக்கு மிக அருகில், ஒரு மெல்லிய வார்னிஷ் பூச்சுக்கு அடியில் இருக்கிறது. லேசர் ஒளி கீழிருந்து முழுத் தடிப்பையும் ஊடுருவிப் போய்த்தான் அதைப் படிக்கிறது. ஆகவே மேற்பக்கத்தில் இன்னொரு தகவல் படைக்கு இடமில்லை. வழக்கமான தடிப்பில் இருபக்க வெற்றுச் சீடி செய்ய முடியாமற்போனதற்கு இதுதான் காரணம்.

இதில் பலருக்கும் தெரியாத ஒரு விடயம் இருக்கிறது. சீடியின் பளபளக்கும் அடிப்பக்கத்தில் கீறல் விழுந்தால் பல வேளைகளில் காப்பாற்றலாம். பேர் எழுதும் மேற்பக்கத்தில் ஆழமாகக் கீறினால் தகவல் படையே உரிந்துவிடும். அதை மீட்க வழியில்லை. பழைய சீடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டாதீர்கள் என்று சொல்வது அதனால்தான்.

டீவீடி வேறு மாதிரி. அது 0.6 மில்லிமீற்றர் தடிப்புள்ள இரண்டு தகடுகளை முதுகோடு முதுகு ஒட்டிச் செய்தது. சாதாரண டீவீடியில் ஒரு தகட்டில் மட்டுமே தகவல் இருக்கும். மற்றது வெறும் தாங்கு தகடு. அந்த இரண்டாவது தகட்டிலும் பதிவுப் படையை வைத்தால் இருபக்க வட்டு கிடைத்துவிடுகிறது. ஒரு பக்கத்துக்கு 4.7, இரண்டும் சேர்த்து 9.4 கிகாபைட். கணினியில் போட்டால் ஒரு பக்கத்துக்கு 4.37 என்றுதான் காட்டும். யாரும் ஏமாற்றவில்லை. உற்பத்தியாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், கணினி 1024 ஆக எண்ணுகிறது, அவ்வளவுதான்.

இந்த வகையில் இரண்டு விதமான வட்டுகள் விற்பனைக்கு வந்தன. ஒன்று, ஒருமுறை மட்டும் பதியக்கூடிய இருபக்க டீவீடி-ஆர். மற்றது டீவீடி-ராம். இதைப் பிளாஸ்திக் கூட்டுக்குள் அடைத்து 9.4 கிகாபைட் என்று பனசொனிக், மக்செல் போன்ற கொம்பனிகள் விற்றன. திரும்பத் திரும்ப எழுதலாம், கூடு இருப்பதால் கைரேகை படாது. ஆனால் அந்தக் கூட்டோடு ஏற்றுக்கொள்ளும் டிரைவ் பெரும்பாலான வீட்டுக் கணினிகளில் இருந்ததே இல்லை.

இருபக்கம் வேறு, இரட்டைப் படை வேறு

கடையில் போய் "டபுள் டீவீடி" என்று கேட்டால் பெரும்பாலும் கையில் வருவது இரட்டைப் படை வட்டு. பெட்டியில் டி.எல். என்று போட்டிருக்கும். இதில் இரண்டு படைகளும் ஒரே பக்கத்தில் ஒன்றன் பின் ஒன்றாக இருக்கும். லேசர் தன் குவியத்தை மாற்றி முதலில் ஒன்றையும் பிறகு மற்றதையும் படிக்கும். வட்டைப் புரட்டத் தேவையில்லை. கொள்ளளவு 8.5 கிகாபைட், கணினி 7.96 என்று காட்டும். 2004ஆம் ஆண்டளவில் வீட்டுப் பாவனைக்கு வந்த இந்த வகைதான் இருபக்க வட்டுக்கான தேவையையே இல்லாமற் செய்தது எனலாம். கொழும்பில் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசா போன்ற கணினிக் கடைத் தொகுதிகளில் விசாரிப்பவர்கள், தமக்கு வேண்டியது டி.எஸ். என்ற இருபக்கமா, டி.எல். என்ற இரட்டைப் படையா என்பதை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுவது நல்லது.

இருபக்க வட்டில் இன்னொரு ஏமாற்றமும் காத்திருக்கிறது. பழைய பிளொப்பி பாவித்தவர்களுக்கு "இருபக்கம்" என்ற சொல் பழக்கமானது. ஆனால் பிளொப்பி டிரைவில் மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு படிப்பான்கள் இருந்தன. நாம் எதையும் புரட்டவில்லை. டீவீடி டிரைவுக்கு ஒரே கண்தான், அதுவும் கீழே. ஆகவே 9.4 கிகாபைட் என்பது ஒரே தொடர்ச்சியான இடமல்ல. ஒரு பக்கம் முடிந்ததும் வட்டை வெளியே எடுத்துப் புரட்டிப் போட வேண்டும், பாட்டுக் கசெற்றைப் புரட்டிப் போட்டது போல. 6 கிகாபைட் அளவான ஒரு வீடியோக் கோப்பை அதில் அப்படியே பதிய முடியாது. இரண்டாக வெட்ட வேண்டும். டி.எல். வட்டில் அது முழுதாகவே அடங்கும்.

புளூ-ரே வட்டில் ஒரு பக்கத்திலேயே 25 அல்லது 50 கிகாபைட் கொள்ளும். 100 கிகாபைட் வட்டும் உண்டு. அதில் வீட்டுப் பாவனைக்கென்று இருபக்க வட்டைத் தேட வேண்டியதில்லை. சொனியும் பனசொனிக்கும் 2014இல் அறிவித்த 300 கிகாபைட் ஆவண வட்டு உண்மையிலேயே இருபக்கமானது. பக்கத்துக்கு மூன்று படைகள். ஆனால் அது ஒளிபரப்பு நிலையங்களுக்கும் ஆவணக் காப்பகங்களுக்கும் உரிய கருவிகளுக்கானது. வீட்டுக் கணினிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

எழுத இடமில்லாத வட்டு

இனி விடயத்துக்கு வருவோம். இருபக்க வட்டில் பேர் எழுத இடமில்லை. நடு ஓட்டையைச் சுற்றியுள்ள ஒடுங்கிய வளையத்தில் மட்டும் ஏதாவது எழுதலாம். மற்றப்படி இரண்டு பக்கமும் ஒன்றுபோலப் பளபளக்கும். எந்தப் பக்கத்தை மேசையில் வைத்தாலும் அது தகவல் உள்ள பக்கம்தான். கைரேகை, தூசி, கீறல் எல்லாம் இரண்டு பங்கு.

பேர் இல்லாத வட்டு, தெரியாதவர் கண்ணுக்கு வெற்று வட்டாகத்தான் தெரியும். ஐந்து வருடம் கழித்து வீட்டைத் துப்புரவாக்கும் பிள்ளை அதைக் குப்பைக்குள் போடுவதற்கு வேறு காரணம் தேவையில்லை. நம்முடைய குடும்பங்கள் பலவற்றில், வட்டில் என்ன இருக்கிறது என்று தெரிந்தவர் ஒருவர்தான் இருப்பார். அவர் இல்லாதபோது வட்டே தன்னைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. இரண்டு பக்கம் இருந்தாலும் அது ஒரே வட்டு. வெடித்தால், உருகினால், தண்ணீருக்குள் போனால், தொலைந்தால் இரண்டு பக்கமும் சேர்ந்தே போகும். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் அழிந்தன. திரும்பப் பெறவே முடியாமற்போனவை, வேறெங்கும் பிரதி இல்லாதவைதான். மாறாக, 2005இலிருந்து இயங்கிவரும் நூலகம் எண்ணிம நூலகத்தில் ஏறிய ஒரு நூலை யாழ்ப்பாணத்தில் இருப்பவரும் ரொறன்ரோவில் இருப்பவரும் ஒரே நேரத்தில் தரவிறக்கி வைத்திருக்கலாம். வன்னியில் இருந்து பொலித்தீன் பையில் சுற்றிய உறுதியோடும் அடையாள அட்டையோடும் வந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பை ஒன்றுதான் இருந்தது. அது தப்பினால் எல்லாம் தப்பியது. அது போனால் எல்லாம் போனது.

ஆகவே ஒரு இருபக்க வட்டைத் தேடுவதற்குப் பதில் இரண்டு ஒருபக்க வட்டு வாங்குங்கள். பாதியை ஒன்றிலும் மீதியை மற்றதிலும் போடாமல், இரண்டிலும் அதையே பதியுங்கள். ஒன்றை உங்களிடம் வைத்துக்கொண்டு மற்றதை வேறு வீட்டில், முடிந்தால் வேறு ஊரில் வையுங்கள். கனடாவிலோ பிரான்சிலோ ஒரு உறவினர் இருந்தால் மூன்றாவது பிரதி அங்கே போகட்டும். வட்டு இரண்டும் வெவ்வேறு கொம்பனியுடையதாக இருந்தால் இன்னும் நல்லது. ஒரே பெட்டியில் வந்தவை ஒரே குறையோடு வந்திருக்கக்கூடும்.

இடம் போதாது என்பவர்களுக்கு

உண்மையில் எவ்வளவு இடம் தேவை என்று ஒருமுறை கணக்குப் பார்த்தால் பலர் ஆச்சரியப்படுவார்கள். கைபேசியில் எடுத்த படம் ஒன்று 3 மெகாபைட் என்று வைத்தால் ஆயிரம் படங்கள் 3 கிகாபைட். காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், பழைய கடிதம் என்பவற்றை ஸ்கான் செய்தால் ஒரு பக்கம் சில மெகாபைட்தான். அதாவது ஒரு குடும்பத்தின் முக்கியமான கடதாசிகளும் தேர்ந்தெடுத்த படங்களும் ஒரு சாதாரண டீவீடிக்குள்ளேயே அடங்கிவிடும். இடத்தைத் தின்பது வீடியோ. அதற்குத் தனி வட்டு போடுங்கள். இரண்டையும் கலக்க வேண்டாம்.

கடதாசிகளில் எவை முதலில் என்று கேட்டால், காணாமல் ஆக்கப்பட்டவர் தொடர்பான முறைப்பாட்டுப் பற்றுச்சீட்டுகள், மனித உரிமைகள் ஆணைக்குழுவும் செஞ்சிலுவைச் சர்வதேசக் குழுவும் தந்த கடிதங்கள், கடைசியாக எடுத்த படங்கள் என்பவை முதலில் வரட்டும். அடுத்தது காணி உறுதி. ஸ்கான் செய்த படம் உறுதி ஆகிவிடாது. ஆனால் உறுதி இலக்கம், எழுதிய நொத்தாரிசின் பெயர், திகதி ஆகியவை அதில் இருப்பதால், மூலப் பிரதி தொலைந்த காலத்தில் காணிப் பதிவகத்தில் அத்தாட்சிப்படுத்திய பிரதிக்கு விண்ணப்பிக்க அது வழிகாட்டும். பின்பக்கத்தில் உள்ள முத்திரைகளையும் சேர்த்து ஸ்கான் செய்ய மறக்க வேண்டாம்.

படங்களை வட்ஸ்அப்பில் அனுப்பிச் சேகரிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அது படத்தைச் சுருக்கிவிடும். எப்போது எடுத்தது என்பது போன்ற உள்விபரங்களும் போய்விடும். படமாக அனுப்பாமல் ஆவணமாக இணைத்து அனுப்பினால் மூலக் கோப்பு அப்படியே போகும். எங்கே, எப்போது எடுத்தது என்பதே முக்கியமாகப்போகும் படங்களுக்கு இந்த வித்தியாசம் சிறியதல்ல.

பதியும்போது

மிகக் குறைந்த விலைக்குப் பேரில்லாத வட்டு வாங்குவதைத் தவிருங்கள். அதிகபட்ச வேகத்தில் பதியாமல் 4 அல்லது 8 மடங்கு வேகத்தில் பதிவது நல்லது. பதிந்து முடிந்ததும் சரிபார்க்கும் வசதி பெரும்பாலான பதிவு மென்பொருள்களில் உண்டு, அதை அணைத்துவிடாதீர்கள். வட்டை முடித்து மூடும் தெரிவையும் கொடுங்கள். மூடாத வட்டு உங்கள் கணினியில் திறக்கும், அடுத்த வீட்டில் திறக்காமற்போகலாம். கடைசியாக, பதிந்த டிரைவில் அல்லாமல் இன்னொரு டிரைவில் போட்டு நாலைந்து கோப்புகளைத் திறந்து பாருங்கள்.

மேற்பக்கத்தில் போல்பொயின்ற் பேனையால் அழுத்தி எழுதக்கூடாது. வட்டுக்கென்றே விற்கும் மென்முனைப் பேனை போதும். கடதாசி ஸ்டிக்கர் வேண்டவே வேண்டாம். சுழலும்போது சமநிலை குழம்பும், வெக்கையில் சுருங்கி வட்டை வளைக்கும்.

வட்டு எவ்வளவு காலம் நிற்கும் என்பதில் கொம்பனிகள் நூறு வருடம் வரையும் சொல்லும். அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகம், நடைமுறை அனுபவத்தில் 2 முதல் 5 வருடம் என்றே எண்ணிக்கொள்ளச் சொல்கிறது. பதியக்கூடிய வட்டில் தகவலைத் தாங்குவது ஒரு சாயம். வெயில், வெக்கை, ஈரப்பதம் மூன்றுமே அதற்கு எதிரி, எங்கள் ஊர்களில் மூன்றுக்கும் குறைவில்லை. தகரக் கூரைக்குக் கீழே உள்ள அலுமாரியின் மேல்தட்டு, வெயில் படும் கண்ணாடி ஷோகேஸ், தொலைக்காட்சிப் பெட்டியின் மேல் என்பவை வட்டு வைக்கும் இடங்களல்ல. தனிப் பெட்டியில், நிமிர்த்தி, இருட்டாகவும் உலர்வாகவும் இருக்கும் இடத்தில் வையுங்கள். துடைக்க நேர்ந்தால் மெல்லிய பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடைக்க வேண்டும். வட்டமாகத் துடைத்தால் விழும் கீறல் பதிவின் வழியே ஓடிப் பெரிய சேதமாகும்.

எம்-டிஸ்க் என்று ஒரு வகை உண்டு. சாயத்துக்குப் பதிலாகக் கல் போன்ற கனிமப் படையில் லேசரால் பொறிப்பது. விலை கூட, அதை எழுதக்கூடிய டிரைவும் வேண்டும். ஆனால் ஒரே ஒரு வட்டுக்குக் காசு செலவழிக்கலாம் என்றிருந்தால், இருபக்க வட்டைவிட அதற்குச் செலவழிப்பது பிரயோசனம்.

அலுமாரியில் கிடக்கும் பழைய வட்டுகள்

புதிய வட்டு வாங்குவதைவிட அவசரமான வேலை இது. பத்து, பதினைந்து வருடத்துக்கு முன்னர் ஸ்ரூடியோக்களில் பதிந்து தந்த வட்டுகள் இன்று ஒவ்வொன்றாகப் படிக்க முடியாமற்போகின்றன. அவற்றை முதலில் கணினிக்கு எடுத்து, வன்தட்டிலும் பென்டிரைவிலும் பிரதி பண்ணுங்கள். ஒரு டிரைவில் திறக்காத வட்டு இன்னொன்றில் திறப்பது சாதாரணம். ஆகவே ஒருமுறை முயன்று கைவிட வேண்டாம். டிடிரெஸ்கியூ என்ற இலவச மென்பொருள், கெட்டுப்போன பகுதிகளைத் தாண்டி மற்றவற்றை முதலில் எடுத்துக்கொண்டு, பிறகு விட்டுப்போன இடங்களைத் திரும்பத் திரும்ப முயலும்.

கமராவுக்குள் போடும் 8 சென்ரிமீற்றர் குட்டி டீவீடிகள் வீட்டில் இருந்தால் மிகவும் கவனம். அவற்றில் இருபக்க வகையும் வந்தது. ஒரு பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு முடிந்தது என்று எண்ணிவிடாதீர்கள். அதைவிட முக்கியம், கமராவில் மூடாமல் விட்ட வட்டைக் கணினியில் போட்டால் "வெற்று வட்டு" என்றே அது சொல்லும், வடிவமைக்கவா என்றும் கேட்கும். ஆம் என்று அழுத்தாதீர்கள். வட்டை வெளியே எடுத்து வெளிச்சத்தில் சரித்துப் பாருங்கள். நடுவிலிருந்து தொடங்கி ஒரு வளையம் மட்டும் சற்று வேறு நிறமாகத் தெரிந்தால் அங்கே ஏதோ பதிந்திருக்கிறது. அதே கமராவோ அதே வகைக் கமராவோ கிடைத்தால் அதில் போட்டு மூடலாம். இல்லாவிட்டால் மீட்பு மென்பொருள் தெரிந்த ஒருவரிடம் கொடுக்கலாம்.

கொடுக்கும்போது, வாக்குமூலம், காணாமல் ஆக்கப்பட்டவர் விபரம் போன்றவை உள்ள வட்டைக் கடையில் விட்டுவிட்டு வர வேண்டாம். பக்கத்தில் இருந்து செய்வித்து, அங்குள்ள கணினியில் பிரதி தங்காமல் அழித்துவிட்டு வாருங்கள். கடவுச்சொல் போட்டுப் பூட்டுவது பற்றிப் பலர் கேட்பதுண்டு. குடும்பப் படங்களுக்கு அது தேவையில்லை. பூட்டியவர் போனால் திறக்க ஆளில்லை.

டிரைவையும் சேர்த்து வாங்குங்கள்

வட்டுகளின் காலம் முடிந்துகொண்டிருக்கிறது. ஒருகாலத்தில் தரத்துக்குப் பேர்போன யப்பானின் தையோ யூடன் 2015இல் வட்டு உற்பத்தியை விட்டது. பனசொனிக் 2023இலும் சொனி 2025 பெப்ரவரியிலும் பதியக்கூடிய புளூ-ரே வட்டு உற்பத்தியை நிறுத்தின. புதிய மடிக்கணினிகளில் டிரைவே இல்லை. யூ.எஸ்.பி.யில் இணைக்கும் வெளி டிரைவ் ஒன்றை இப்போதே வாங்கி, வட்டுகளோடு சேர்த்து வைப்பது நல்லது. எப்படியும் நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் புதிய இடத்துக்கு மாற்ற வேண்டியிருக்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் இருபக்க வட்டே வேண்டுமென்றால், வெளிநாட்டு இணையக் கடைகளில் பழைய இருப்பாக இடைக்கிடை வரும். வாங்கும்போது 9.4 என்ற எண்ணைப் பாருங்கள், 8.5 என்றிருந்தால் அது இரட்டைப் படை. கூட்டோடு உள்ள டீவீடி-ராம் என்றால் உங்கள் டிரைவ் அதை ஏற்குமா என்று முதலில் பார்க்க வேண்டும். நாடகம், பாட்டு, திரும்ப எடுக்கக்கூடிய எதையும் அதில் போடலாம்.

மற்ற வட்டுகளின் பெட்டிக்குள் ஒரு துண்டுக் கடதாசி வையுங்கள். அதில் பதிந்த திகதி, என்ன இருக்கிறது என்ற பட்டியல், படங்களில் நிற்பவர்களின் பெயர்கள், எந்த ஊர், எந்த வருடம் என்பவை இருக்கட்டும். பெயர்களை அம்மம்மாவிடமோ பெரியப்பாவிடமோ இந்தக் கிழமையே கேட்டு எழுதுங்கள். 1990க்கு முன் எடுத்த படங்களில் நிற்பவர்களை அடையாளம் காட்டக்கூடியவர்கள் ஒவ்வொரு வீட்டிலும் இப்போது ஓரிருவர்தான் இருக்கிறார்கள்.